முதல் ரைடிங் மோவர் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்த் கரோலைனாவில் கேரி, மோரிஸ்வில் ஊர்கள் பக்கம் டவுன்ஹவுஸில் இருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக இப்போது பிட்ஸ்பரோ, வேக் ஃபாரஸ்ட் என்று தள்ளிப்போய், ஓர் ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குகிறார்கள். சாவி கைக்கு வந்த மாதமே தொலைபேசி வந்துவிடும்: "புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குது, என்ன வண்டி வாங்கலாம்?"

நாங்களும் இதே மாநிலத்தின் செம்மண் பூமியில் 1.2 ஏக்கர் வீட்டுக்கு 2016-இல் வந்தோம். முன்பக்கம் சமதளம், பின்பக்கம் ஓடையை நோக்கி இறங்கும் சரிவு. முதலில் வாங்கிய வண்டி எங்கள் நிலத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது வண்டி இன்றும் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததால், கேள்விகளை வரிசைப்படுத்தி இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் இடத்துக்கு உட்கார்ந்து ஓட்டும் வண்டியான ரைடிங் மோவர் தேவையா? தள்ளும் மோவர் போதாதா?

மனையின் அளவை விட்டுவிட்டுப் புல்லின் அளவை மட்டும் பாருங்கள். பத்திரத்தில் 1.2 ஏக்கர் என்றிருக்கும். அதில் வீடு, டிரைவ்வே, மரத்தோப்பு, செடிப் பாத்தி எல்லாவற்றையும் கழித்தால் எங்களுக்கு வெட்டவேண்டிய புல் சுமார் 0.8 ஏக்கர்தான். ஊர்க் கணக்கில் சொன்னால் 80 சென்ட்.

21 அங்குலத் தள்ளு மோவரை மணிக்கு 3 மைல் வேகத்தில் தள்ளினால், திரும்புவதற்கும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு போக, ஒரு மணி நேரத்தில் அரை ஏக்கர் முடியும். அதாவது எங்கள் புல்லுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நடக்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஃபெஸ்க்யூ புல் வாரத்துக்கு ஒரு தடவை வெட்டச்சொல்லும், சில வாரம் ஐந்தே நாளில் கூப்பிடும். 42 அங்குல ரைடிங் மோவரில் மணிக்கு 4 மைல் போனால் அதே வேலை சுமார் 35 நிமிடம்.

என் கணக்கு இது: புல் கால் ஏக்கருக்குக் குறைவு என்றால் தானே நகரும் தள்ளு மோவர் போதும். அரை ஏக்கரைத் தாண்டினால் ரைடிங் மோவர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் தங்கள் முழங்காலையும் கேரேஜில் இருக்கும் இடத்தையும் கேட்டு முடிவெடுக்கலாம்.

கடையில் நான்கு விதமாக நிற்கிறதே, வித்தியாசம் என்ன?

என்ஜின் பின்னால் இருக்கும் சின்ன ரைடர் 30 அங்குல அகலம், குறுகிய கேட்டுக்குள்ளும் நுழையும். லான் டிராக்டர் என்பது என்ஜின் முன்னால், ஸ்டீயரிங் கையில், வெட்டும் பெட்டியான டெக் வயிற்றுக்கு அடியில் இருக்கும் வண்டி. முதல் தடவை வாங்குகிற பெரும்பாலோருக்கு இதுதான். கார்டன் டிராக்டர் அதே உருவம்தான், ஆனால் அச்சும் கியர்பெட்டியும் கனமானவை. மண்ணைக் கிளறவும் பனி தள்ளவும் அதில் கருவிகள் மாட்டலாம். ஜீரோ டர்னில் ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு நெம்புகோல். பின்சக்கரம் இரண்டையும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார் ஓட்டுவதால் நின்ற இடத்திலேயே பம்பரம்போலத் திரும்பும்.

மரங்கள் நிறைய, தரை சமம் என்றால் ஜீரோ டர்னுக்கு இணை இல்லை. ஒவ்வொரு மரத்தையும் ஒரே சுற்றில் சுற்றிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதைப் பார்த்து மயங்குவதற்கு முன் அடுத்த கேள்வியை நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் பின்பக்கம் கொஞ்சம் சரிவு. அது பெரிய விஷயமா?

அதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. வண்டியின் விலை, நிறம், குதிரைத்திறன் எல்லாவற்றுக்கும் முன்னால் சரிவை அளந்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"கொஞ்சம்" என்று கண் சொல்வதை நம்பவேண்டாம். ஓர் ஐந்தடிப் பலகையைச் சரிவின் போக்கில் புல்மேல் வையுங்கள். அதன்மேல் கைப்பேசியை வைத்து, அதிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் டிகிரியைக் காட்டிவிடும். இருப்பதிலேயே மோசமான இடத்தை அளக்கவேண்டும். ரைடிங் மோவர்களின் கையேட்டில் பொதுவாக 15 டிகிரிதான் உச்ச வரம்பு, சில ஜீரோ டர்ன்களுக்கு 10 டிகிரி என்றே போட்டிருப்பார்கள். 15 டிகிரி என்பது பத்தடி தூரத்தில் ஏறக்குறைய 2 அடி 8 அங்குலம் இறங்குவது. சொல்லும்போது சின்னதாகத் தெரியும், வண்டிமேல் உட்கார்ந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஜீரோ டர்ன் ஏன் சரிவுக்கு ஆகாது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. அதன் முன்சக்கரங்கள் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம்போல இஷ்டத்துக்குச் சுழல்பவை. திருப்புவதும் பின்சக்கரம், நிறுத்துவதும் பின்சக்கரம். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் பிடி இழந்தால், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். லான் டிராக்டரும் வழுக்கும்தான். ஆனால் அதில் முன்சக்கரத்தையாவது திருப்பமுடியும்.

எனக்கு நடந்தது இதுதான். முதலில் வாங்கியது 54 அங்குல ஜீரோ டர்ன். ஒரு ஜூலை மாதக் காலை, வெயில் ஏறுமுன் முடிக்கலாம் என்று பனி காயாத புல்லில் இறங்கினேன். பின்சரிவில் பாதி போனதும் வண்டி தானாக நகர ஆரம்பித்தது. இரண்டு நெம்புகோலையும் பின்னுக்கு இழுத்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி வழுக்கி, ஒரு பைன் மரத்தில் பக்கவாட்டில் இடித்து நின்றது. அந்த மரம் இல்லாவிட்டால் ஓடைக் கரை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தச் சரிவு 17 டிகிரி என்று அதற்குப் பிறகுதான் அளந்து பார்த்தேன். அந்த இலையுதிர் காலத்திலேயே நஷ்டத்துக்கு விற்றுவிட்டு லான் டிராக்டருக்கு மாறினோம். அந்த ஒரு துண்டை மட்டும் இன்றும் தள்ளு மோவரில் வெட்டுகிறேன்.

ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்து ஓட்டும் டிராக்டரைச் சரிவில் நேராக மேலும் கீழுமாக ஓட்டவேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். தள்ளு மோவருக்கு நேர்மாறு: சரிவின் குறுக்கே தள்ளவேண்டும், மேலும் கீழும் தள்ளினால் கால் வழுக்கிப் பிளேடுக்கு அடியில் போகும். ஈரப் புல்லில் இரண்டுமே வேண்டாம்.

டெக் எவ்வளவு அகலம் வாங்கலாம்? பெரிதாக வாங்கினால் சீக்கிரம் முடியும்தானே?

முடியும், நினைக்கிற அளவுக்கு இல்லை. எங்கள் 0.8 ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 4 மைலில் 42 அங்குல டெக்குக்கு 35 நிமிடம், 54 அங்குலத்துக்கு 27 அல்லது 28 நிமிடம். மிச்சம் எட்டு நிமிடம். அதற்காக ஆயிரம் டாலருக்குமேல் கூடக் கொடுத்து, மேடுபள்ளத்தில் டெக்கின் ஓரம் இடித்துப் புல்லை மொட்டையடித்தாற்போல் ஆக்கிக்கொள்ளவேண்டுமா என்று யோசியுங்கள். அகலமான டெக் சமதளத்துக்கு உரியது. மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கிப்போவது குறுகிய டெக்குக்குத்தான் வரும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். வெட்டும் புல் ஓர் ஏக்கர் வரை 42 அங்குலம், இரண்டு ஏக்கர் வரை 46 முதல் 50, அதற்குமேல் 54 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

வேலிக் கேட்டை மறந்துவிடாதீர்கள். 42 அங்குல டெக் என்றால் வெட்டும் அகலம்தான் 42. புல் வெளியே வரும் பக்கவாட்டு வாயையும் சேர்த்தால் மொத்த அகலம் ஓரடி வரை கூடும். நான்கடி கேட்டுக்குள் போய்விடும் என்று நம்பி வாங்கிவிட்டு, வேலிக்காரரைக் கூப்பிட்டு கேட்டைப் பெரிதாக்கியவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். வண்டியின் முழு அகலத்தைக் கையேட்டில் பார்த்துவிட்டு, டேப்போடு கேட்டுக்குப் போங்கள். அப்படியே கேரேஜையும் அளந்துவிடுங்கள். லான் டிராக்டருக்கு ஆறடி நீளமாவது வேண்டும். வெளியே கொட்டகை போடலாம் என்றால் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 42 அங்குலத்துக்கு 17 முதல் 20 வரை எதுவும் போதும். குதிரைத்திறனை மிகைப்படுத்தி ஒட்டிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்து 2010-இல் சமரசமானது. அதனால் அந்த எண்ணை வைத்து ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஒற்றை சிலிண்டரா இரட்டை சிலிண்டரா என்று கேளுங்கள். இரட்டை சிலிண்டர் அதிர்வு குறைவாக, மென்மையாக ஓடும், நீடித்தும் உழைக்கும். கவாசாகி, கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் மூன்றுக்கும் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஒரே கம்பெனி மலிவு வரிசையும் செய்யும், உயர்ந்த வரிசையும் செய்யும் என்பதால் பெயரை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

டிரான்ஸ்மிஷன். பின்னச்சோடு ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி விற்பனையாளர் தாமாகப் பேசமாட்டார். விளம்பரத்திலும் கண்ணில் படாது. ஆனால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

இப்போது வரும் பெரும்பாலான வண்டிகள் ஹைட்ரோஸ்டாட்டிக். கிளட்சும் கியரும் கிடையாது, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் சுழலும். பெடலை மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். தொடக்கநிலை லான் டிராக்டர்கள் பலவற்றில், நிறம் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது டஃப் டார்க் கே46 என்ற அதே பெட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் அதற்கு நிகரான பெட்டி. சமதளத்தில் புல் வெட்ட அது தாராளம். மேடு ஏறவும், மண் நிரப்பிய வண்டியை இழுக்கவும் அதைப் படைக்கவில்லை. சரிவில் அரைமணி நேரம் உழைத்தால் உள்ளே எண்ணெய் சூடேறி இளகிவிடும். அழுத்தம் குறையும். பெடல் முழுக்க மிதித்திருக்கும், வண்டி முக்கும். காலையில் ஏறிய மேட்டில் வேலை முடியும் நேரத்தில் ஏறமாட்டேன் என்று நிற்கும். அந்த எண்ணெயை மாற்றலாம் என்றால் பெட்டியையே கழற்றி வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும். புதுப்பெட்டி போடுவதற்கு ஆகும் செலவோ பழைய வண்டியின் விலையை எட்டிவிடும்.

ஆகவே உங்கள் நிலம் மேடாக இருந்தாலோ, விறகும் மண்ணும் இழுக்கும் எண்ணம் இருந்தாலோ, டெக் அகலத்திலும் கப் ஹோல்டரிலும் போடும் பணத்தை அடுத்த நிலை டிரான்ஸ்மிஷனில் போடுங்கள். "இதில் என்ன டிரான்ஸ்மிஷன், மாடல் எண் என்ன, எண்ணெய் மாற்ற வசதி உண்டா?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

டெக்கையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தது மெல்லிசாக இருக்கும், தனித்தனித் தகடுகளை வெல்டிங் வைத்தது தடிமனாக இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு அழுத்தி வளைத்ததே போதும், வேலை முடிந்ததும் அடியில் ஒட்டிய ஈரப் புல்லைச் சுரண்டிவிடும் பழக்கம் இருந்தால். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் எந்தத் தகடும் துருப்பிடிக்கும்.

பெட்ரோலா, பேட்டரியா?

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது ஏறக்குறைய முடிந்துபோன கேள்வி. 2021-இல் கையெழுத்தான சட்டப்படி, 2024 மாடல் ஆண்டிலிருந்து புல்வெட்டும் வண்டிகளுக்கான புதுச் சிறு பெட்ரோல் என்ஜின்கள் அங்கே விற்பனைக்கு வரமுடியாது. மற்ற மாநிலங்களில் உங்கள் விருப்பம்.

பேட்டரி வண்டியை நான் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைவு, பெட்ரோல் வாடை இல்லை, எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. ஓர் ஏக்கருக்குக் கீழே, வாராவாரம் தவறாமல் வெட்டுகிறவர்களுக்கு நல்ல பொருத்தம். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து முழங்கால் உயரப் புல்லில் இறக்கினால் பேட்டரி பாதியிலேயே தீரும். பெட்டியில் எழுதியிருக்கும் ஏக்கர் கணக்கு காய்ந்த, குட்டையான புல்லுக்கு உரியது. உங்கள் தேவையைவிட ஒன்றரை மடங்கு தாங்கும் வண்டியாகப் பாருங்கள். மாற்றுப் பேட்டரி என்ன விலை என்பதையும் வாங்குமுன்பே கேளுங்கள். பழைய மின்சார ரைடர்களில் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். மலிவாக வருகிறதே என்று அதைத் தூக்கினால், அடுத்த செலவு பேட்டரியாகத்தான் இருக்கும்.

என்ன விலை, எங்கே, எப்போது வாங்குவது?

புது லான் டிராக்டர் சுமார் 2,000 டாலரில் தொடங்கும். 2,500 பக்கத்தில் நல்ல வண்டி கிடைக்கும். வீட்டு உபயோக ஜீரோ டர்ன் 3,000-க்குமேல்தான். மார்ச், ஏப்ரலில் எல்லோரும் கடையில் நிற்பார்கள், அப்போது பேரம் நடக்காது. மே கடைசியில் வரும் மெமோரியல் டே, ஜூலை 4 வாரங்களில் கொஞ்சம் இறங்கும். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டேக்குப் பிறகு கடையில் மீந்து நிற்பவற்றுக்கு நல்ல தள்ளுபடி வரும். நாங்கள் இரண்டாவது வண்டியை அக்டோபரில்தான் வாங்கினோம். அதுவரை புல்லை விட்டுவைக்க முடியாதவர்கள், ஒரு பருவத்துக்குப் புல் வெட்டும் ஆளை அமர்த்திவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாம். இரண்டு மாதம் நிலத்தின் போக்கைக் கண்ணால் பார்த்தபிறகு வாங்குவது நல்லதும்கூட.

பெரிய கடைகளில் விலை குறைவு, உடனே கொண்டுவந்து இறக்குவார்கள். உள்ளூர் டீலரிடம் சற்றுக் கூடும், ஆனால் பழுதானால் வண்டியை வந்து எடுத்துப்போவார். இருநூறு, முந்நூறு கிலோ வரும் வண்டியை ஏற்ற டிரெய்லர் இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. எங்கே வாங்கினாலும் "வாரண்டி வேலையை யார் செய்வார், எத்தனை மைல் தூரம், மே மாதத்தில் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக. பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்கவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே சூடேற்றி வைத்திருந்தால், காலையில் கிளம்ப அடம்பிடிப்பதை மறைக்கிறாரோ என்று சந்தேகப்படலாம். கிளம்பியதும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிளேடை ஓடவிட்டுக் கடகடவென்று இரைந்தால் டெக்கின் சுழலச்சு போய்க்கொண்டிருக்கிறது. பிறகு இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், சூடேறியபின் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டிரான்ஸ்மிஷனின் உண்மை நிலை அப்போதுதான் வெளிப்படும். வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் 200 மணி நேரம் என்பது வாரம் ஒரு மணி வெட்டிய வீட்டில் ஆறேழு வருட உழைப்பு. பராமரித்த வண்டிக்கு அது நடுவயதுதான்.

பாதுகாப்பு சுவிட்சுகளைக் கம்பி போட்டு இணைத்துச் செயலிழக்க வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிளேடு ஓடும்போது இருக்கையிலிருந்து லேசாக எழுந்தால் என்ஜின் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அதில் வேறு எதையெல்லாம் தொட்டிருப்பார்களோ.

புல்லைப் பையில் பிடிப்பதா, அப்படியே விடுவதா? எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

அப்படியே விடுங்கள், மண்ணுக்கு உரம். டால் ஃபெஸ்க்யூ புல் என்றால் 3 முதல் 3½ அங்குலம், பெர்முடா புல் என்றால் 1 முதல் 2 அங்குலம். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டக்கூடாது. இலையுதிர் காலத்தில் இலை அள்ள மட்டும் பை உதவும், அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பெட்ரோல், எண்ணெய், பராமரிப்பு?

பெட்ரோல் பங்கில் "அன்லெடட் 88" மலிவாக இருக்கிறதே என்று கேனில் பிடித்துவிடாதீர்கள். அது 15 சதவீதம் எத்தனால் கலந்தது, சிறு என்ஜின்களுக்கு ஆகாது. 10 சதவீதம் வரைதான் தாங்கும். ஒரு மாதத்துக்குமேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வசந்த காலத்தில் கிளம்பாத வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கெட்டுப்போன பெட்ரோலும் இறங்கிப்போன பேட்டரியும்தான்.

எண்ணெயும் காற்று ஃபில்டரும் வருடம் ஒரு முறை. பிளேடை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சாணை பிடிக்கவேண்டும். வெட்டிய மறுநாள் புல்லின் நுனி வெளுத்துப் பிய்ந்ததுபோல் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். கழற்றுமுன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். டெக் ஒரு பக்கம் தாழ்ந்து வெட்டினால் உடனே திருகாணியைத் தேடாமல், முதலில் நான்கு டயரிலும் காற்று சரியா என்று பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

காதுக்கு மறைப்பு வாங்கவேண்டும். யானை வாங்கியபின் அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது.

குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டலாமா? மெதுவாகத்தான் போவேன்.

கூடாது. பிளேடை நிறுத்தியிருந்தாலும் கூடாது. இதை எத்தனை அழுத்தமாகச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

விழுந்துவிடும் என்பது முதல் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மடியில் ஒரு சுற்று போன குழந்தைக்கு அன்றிலிருந்து அந்த வண்டி விளையாட்டுச் சவாரி. அடுத்த சனிக்கிழமை என்ஜின் சத்தம் கேட்டதும், "அப்பா, நானும்" என்று பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும். நீங்கள் காதுமறைப்பு போட்டிருப்பீர்கள். மரத்தைத் தாண்ட ரிவர்ஸ் எடுப்பீர்கள். குழந்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். சிறு பிள்ளைகள் பாதமும் காலும் இழக்கும் விபத்துகள் இந்த நாட்டில் வருடா வருடம் இப்படித்தான் நடக்கின்றன. பிளேடின் நுனி மணிக்கு 200 மைல் வேகத்தை நெருங்கிச் சுழல்கிறது. சுவிட்சை அணைத்தபிறகும் நிற்கச் சில நொடி எடுக்கும்.

ரிவர்ஸில் பிளேடு தானாக நிற்கும் ஏற்பாடு புது வண்டிகளில் உண்டு. அதைத் தாண்டி ஓட வைக்க ஒரு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானைத் தொடாத பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். பின்னால் போகவேண்டுமென்றால் பிளேடை நிறுத்துங்கள், திரும்பிப் பாருங்கள், குனிந்தும் பாருங்கள், பிறகு நகர்த்துங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை: தள்ளு மோவரைத் தொட 12 வயதாவது ஆகவேண்டும், ரைடிங் மோவருக்கு 16. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் புல் வெட்டும் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இதை ஒரு படி கூட்டி வைத்திருக்கிறோம். பெரியவர் ஒருவர் உள்ளே குழந்தைகளோடு இருந்தால்தான் வண்டிச் சாவி வெளியே வரும். மனைவி வீட்டில் இல்லாத சனிக்கிழமையில் புல் வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஊரிலிருந்து அப்பா ஆறு மாதம் வந்திருக்கிறார். "நான் டிராக்டரே ஓட்டியவன், இது என்னடா" என்கிறார். கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி வராத தமிழ் வீடு குறைவு. என் அப்பாவும் தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் டிராக்டர் ஓட்டியவர்தான். அந்த அனுபவத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயல் சமதளம். அங்கே டிராக்டர் மெதுவாகப் போகும், பிடிமானம் அதிகம், பேரனை மட்கார்டில் உட்காரவைத்துப் பழகிய கை. இங்கே வண்டி லேசு, பெடல் கூர்மை, தரை சரிவு. சமதளமான முன்பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போடவைத்து, பிளேடு ஓடாமல் இரண்டு நாள் ஓட்டிப் பழகியபிறகு அவரிடம் கொடுத்தேன். பின்சரிவு வேண்டாம் என்று சொன்னதற்கு முகம் சுண்டியது. பைன் மரத்தில் இன்னும் இருக்கும் அந்தக் காயத்தைக் காட்டினேன், புரிந்துகொண்டார்.

வண்டி ஓட்டுவதைவிட அவர் செய்கிற இன்னொரு வேலைதான் எங்களுக்குப் பெரிய துணை. வெட்டுவதற்கு முன் கையில் ஒரு குச்சியோடு புல் முழுக்க ஒரு நடை நடப்பார். கிளை, கல், பேரன் விட்டுப்போன பந்து, தோட்டக் குழாயின் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாகப் போடுவார். பிளேடில் பட்டால் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கக்கூடியவை அவை. போன ஆகஸ்டில் கிழக்கு மூலையில் தரையிலிருந்து மஞ்சள் குளவிகள் ஒரு துளை வழியாக வந்து வந்து போவதை அவர்தான் பார்த்தார். நான் வண்டியோடு அதன்மேல் ஏறியிருந்தால், அந்த அதிர்வுக்கே கூட்டோடு கிளம்பியிருக்கும். துளையைச் சுற்றிப் பத்தடி தள்ளி நான்கு குச்சி நட்டு, அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடி கட்டினார். உறைபனி விழுந்து குளவிகள் ஓயும்வரை அந்த மூலையில் புல் இடுப்பளவு நின்றது.